மறு: ஆல்கெமி, போஷன் – தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

> ஆல்கெமிக்கு ரசவாதம் என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறதே, புதிதாக எதற்கு?

அகராதிக்கு அது போதும். நாம் சொல் தேடுவது ‘கிங்டம் கம்: டெலிவரன்ஸ்’ (2018) என்ற கணினி ஆட்டத்தின் தமிழாக்கத்துக்கு. ரசவாதம் என்று படித்ததுமே பாதரசமும், செம்பைப் பொன்னாக்கும் சித்தரும்தான் நமக்கு நினைவுக்கு வருவார்கள். 1403இல் பொகீமியாவில் (இன்றைய செக் நாட்டின் பகுதி) அலையும் கொல்லர் மகன் ஹென்றி எதையும் பொன்னாக்குவதில்லை. கொப்பரையில் திராட்சை மதுவை ஊற்றி, நெட்டில் என்ற செடியின் இலையைப் போட்டு, துருத்தியை அமுக்கிக் கொதிக்க விடுகிறான். மணற்கடிகாரம் இரண்டு முறை காலியாகும் வரை கொதிக்க வேண்டும். பிறகு பெல்லடோனா என்ற செடியைக் கல்வத்தில் அரைத்துப் போட்டு இன்னொரு முறை. அப்புறம் குப்பியில் வார்த்தால், நினைத்த இடத்தில் ஆட்டத்தைச் சேமிக்க உதவும் ‘சேவியர் ஷ்னாப்ஸ்’ (சேவியர் என்றால் இரட்சகர், ஷ்னாப்ஸ் ஒரு வகைச் சாராயம்) தயார். அரைக்க மறந்தாலோ கூடுதலாகக் கொதித்தாலோ பக்குவம் கெட்டுவிடும். அசல் நாட்டு வைத்தியர் வீட்டு வேலை இது.

சரி, இப்படிக் காய்ச்சி எடுக்கும் கலவையான போஷனுக்கு வருவோம். ‘மந்திர நீர்’ இங்கே ஒட்டாது. இந்த ஆட்டத்தில் மந்திரவாதிகள் கிடையாது, அதுதான் அதன் பெருமையே. ‘கஷாயம்’ என்றால் தண்ணீரில் காய்ச்சியது. ஹென்றியோ தண்ணீர், மது, எண்ணெய், சாராயம் என நான்கிலும் காய்ச்சுகிறான். சித்த மருத்துவம் கஷாயத்தைக் ‘குடிநீர்’ என்கிறது. அருமையான சொல்தான், ஆனால் இன்று அதைக் கேட்டால் மாநகராட்சி லாரிதான் கண்முன் வரும்.

என் ஓட்டு வெறும் ‘மருந்து’க்கு.

> போஷன்களில் விஷமும் உண்டு. அதை எப்படி மருந்து என்பது?

தமிழில் தாராளமாகச் சொல்லலாம். பூச்சியைக் கொல்வதும் மருந்து, பாறையைப் பிளப்பதும் (வெடி)மருந்து. ஒருவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து வசியம் செய்வதாகச் சொல்லப்படுவது இடுமருந்து. எதிரி முகாமுக்குள் இரவில் நுழைந்து, அவர்கள் சமையல் பானையில் தூக்க மருந்தையோ விஷத்தையோ ஹென்றி கலந்துவிட்டு வருகிறானே, அதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்?

ஆல்கெமி என்ற திறனுக்குப் பெயர் வைப்பதில்தான் சிக்கல். ‘மருந்து காய்ச்சு’ என்று வினையாகச் சொன்னால் இயல்பாக இருக்கிறது. பெயர்ச்சொல்லாக்கி ‘மருந்துக் காய்ச்சல்’ என்றால் ஹென்றி படுத்த படுக்கையாகிவிடுவான். அதனால் திறன் பட்டியலில் ‘மருந்தாக்கம்’, பொத்தான்களில் ‘காய்ச்சு’, ‘அரை’, ‘வடி’ என்று வைக்கலாம். சோறு ஆக்குவது, மருந்து ஆக்குவது இரண்டிலும் அடுப்படி வாசம் இருக்கிறது.

வடிக்கும் கருவிக்குச் சித்த மருத்துவர்கள் சொல்லும் ‘வாலை’ எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் திரையில் ‘வாலை எடு’ என்று தனியாக வந்தால், ஆடுபவர் குதிரையின் பின்பக்கம் போய் நிற்பார். பொத்தானுக்கு ‘வடிகலன்’, பொருள் விளக்கத்தில் மட்டும் ‘வாலை’ என்று பிரித்துக்கொள்ளலாம்.

ஷ்னாப்ஸை அப்படியே விட்டுவிடுவோமா? ‘இரட்சிப்புச் சாராயம்’ என்று ஒருவர் பரிந்துரைத்திருந்தார். படித்துச் சிரித்தேன், ஆனால் என் ஆதரவு கிடையாது.