அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி: தோட்டா இடும்போது எதில் கவனம் வேண்டும்?

கீழ்மலை விவசாயி:
வணக்கம். பயிர்ப் பாதுகாப்புக்காக அப்பா உரிமம் பெற்று வைத்திருந்த 12 போர் (போர் என்பது குழலின் அளவு) துப்பாக்கி, அவர் காலமான பின் முறைப்படி என் பெயருக்கு மாறி, சென்ற மாதம் என் கைக்கு வந்தது. இரண்டு குழல்களும் அருகருகே அமைந்த, நடுவில் மடித்துத் திறக்கும் பழைய வகை. விலங்குகளைச் சுடும் எண்ணம் இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை அறிவேன். கிளப்பில் சேர்ந்து, இலக்காக வானில் எறியப்படும் மண்தட்டைச் சுடப் பழக வேண்டும் என்பதே ஆசை. பாதுகாப்புப் பயிற்சியில் பொது விதிகளைச் சொன்னார்கள்; ஆனால் இந்த வகைத் துப்பாக்கியை அங்கே கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்புக் கிடைக்கவில்லை. தோட்டா இடும் முறையை அறிந்தவர்கள் விளக்க வேண்டும். சேஃப்டியை (பாதுகாப்புப் பூட்டை) போட்டுவிட்டால் தோட்டாவுடன் நடக்கலாமா? அப்பா விட்டுச் சென்ற அரைப் பெட்டித் தோட்டாக்களைப் பயன்படுத்தலாமா?

மண்தட்டுப் பயிற்றுநர்:
சேஃப்டியைப் பற்றிய கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. வெளிச்சுத்தியல் இல்லாத இரட்டைக்குழலைத் திறந்த உடனேயே தோட்டாவை வெடிக்கச் செய்யும் உள்சுத்தியல்கள் பின்னுக்கு இழுபட்டு, ஒரு சிறு கொக்கியின் பிடியில் நிற்கின்றன. பெரும்பாலான துப்பாக்கிகளில் சேஃப்டி பூட்டுவது விசையை மட்டுமே. சுத்தியலை அது தொடுவதில்லை. தேய்ந்த கொக்கியோடு துப்பாக்கி கீழே விழுந்தால், சேஃப்டி போட்டிருந்தாலும் வெடிக்கலாம். ஆகவே தோட்டாவுடன் நடக்கக் கூடாது. தோட்டாக்களை எடுத்துவிட்டு, மடித்துத் திறந்த துப்பாக்கியை முன்கையில் தொங்கவிட்டபடி நடந்தால், அது வெறுமையாக இருப்பதை எதிரே வருபவரும் தொலைவிலிருந்தே காண்பார்.

துப்பாக்கியை எடுத்ததும் குழல்வாயை ஆளில்லாத திசையில் தரை நோக்கி வைத்து, லீவரை நகர்த்தித் திறந்து, தோட்டா இடும் இரண்டு அறைகளும் காலியாக உள்ளனவா என்று பாருங்கள். அடுத்து, குழலின் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பின்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். துடைத்த துணித்துண்டோ குளவிக் கூடோ உள்ளே இருந்தால், சுடும்போது குழலே பிளந்துவிடும். சுடுமிடத்தில் நின்று, உங்கள் முறை வந்த பிறகே தோட்டாக்களை இடுங்கள். மூடும்போது குழலை மேலே தூக்காமல், தோளில் வைக்கும் மரக்கட்டையை உயர்த்திக் குழலோடு சேர்க்க வேண்டும். அப்படிச் செய்தால் குழல்வாய் தரையை விட்டு விலகாது. தோளில் வைத்து இலக்கைப் பார்க்கும்வரை விரல் விசைக்காப்புக்கு வெளியிலேயே இருக்கட்டும்.

பொதுவாக முன்விசை வலக்குழலுக்கும் பின்விசை இடக்குழலுக்கும் உரியவை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு குழலை மட்டும் சுட்டுவிட்டு, இரண்டையும் சுட்டுவிட்டதாக நினைத்து நண்பரிடம் பேசியபடியே துப்பாக்கியைத் தாழ்த்தினேன். விரல் பின்விசையில் பட்டது. என் பாதத்துக்கு ஒரு சாண் தள்ளி மண் சிதறியது. அன்று முதல், சுட்டு முடித்ததும் வாயைத் திறப்பதற்கு முன் துப்பாக்கியைத் திறக்கிறேன்.

பழைய தோட்டா:
ஐயா சொன்னதோடு தோட்டாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பவுண்டு ஈயத்தில் வார்க்கும் 12 சம உருண்டைகளில் ஒன்றின் விட்டமே 12 போர் என்பதால், எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும். 12 போர் ஏறக்குறைய 18.5 மி.மீ.; 20 போர் ஏறக்குறைய 15.6 மி.மீ. இதனால் 20 போர் தோட்டா தவறி 12 போர் அறைக்குள் விழுந்தால், வழுக்கிச் சென்று குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். அறை காலியாகத் தெரிவதால் அதன் பின்னால் இன்னொரு தோட்டாவை இட்டுச் சுட்டால், வெடிப்பது குழலைத் தாங்கியிருக்கும் கைக்கு அருகில்தான். இரண்டு வகைத் தோட்டாக்களும் ஒரே பையில் இருக்கவே கூடாது.

அறையின் நீளமும் முக்கியம். பழைய துப்பாக்கிகள் பலவற்றில் அது 65 மி.மீ.; இன்றைய தோட்டாக்களில் பெரும்பாலானவை 70 மி.மீ. பெட்டியில் அச்சிட்டிருப்பது சுட்ட பிறகு தோட்டாவின் மடிந்த வாய் விரிந்த நிலையில் உள்ள நீளம் என்பதால், நீளமான தோட்டா குட்டையான அறைக்குள் தடையின்றி நுழைந்துவிடும். விரிய இடமில்லாமல் போகும்போது அழுத்தம் எகிறும். குழலின் அடிப்பக்கத் தட்டைப் பகுதியில் அறையின் நீளத்தைக் காட்டும் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். குழலில் பின்னல் கோலம் போல வரிகள் தெரிந்தால், அது இன்றைய தோட்டாக்களைத் தாங்காமல் போகக்கூடிய, கரிமருந்துக் காலத்துக் குழலாக இருக்கலாம். துப்பாக்கி பழுதுபார்க்கும் உரிமம் பெற்றவரிடம் காட்டாமல் அதில் எதையும் சுடாதீர்கள். அடி பச்சை பூத்த, உடல் உப்பிய தோட்டாக்களை உரிமம் பெற்ற கடையிலேயே ஒப்படைத்துவிடுங்கள்.

மண்தட்டுப் பயிற்றுநர்:
விடுபட்ட ஒன்று. விசையை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால் உடனே திறக்கக் கூடாது; குழல்வாயை இலக்குத் திசையிலேயே வைத்து, குறைந்தது 30 விநாடிகள் காத்திருந்து திறக்க வேண்டும். வழக்கமான ஓசைக்குப் பதில் மந்தமாகப் ‘புஸ்’ என்று கேட்டால், தோட்டாவுக்குள் மருந்துக்கும் ஈயக் குண்டுகளுக்கும் இடையில் இருக்கும் தக்கை குழலுக்குள்ளேயே தங்கியிருக்கலாம். தோட்டாக்களை எடுத்துவிட்டு, குழலின் வழியே பார்க்காமல் அடுத்ததை இட வேண்டாம்.

கீழ்மலை விவசாயி:
இருவருக்கும் நன்றி. குழலைக் கழற்றிப் பார்த்தேன். 65 என்ற முத்திரை இருக்கிறது. பெட்டியில் 70 என்று அச்சிட்டிருக்கிறது. துப்பாக்கியைப் பெட்டியிலும் தோட்டாக்களை வேறோர் அலமாரியிலும் வைத்துப் பூட்டிவிட்டேன். பழுதுபார்ப்பவர் சோதித்துச் சொல்லும்வரை ஒரு தோட்டாவும் அதற்குள் போகாது.