தொளதொளவென்று தொங்கும் கவுனைப் பூசினாற்போன்ற உடல்வாகுக்குப் பொருத்தமாக்குவது எப்படி?

ஊதாப்பூ:

அனைவருக்கும் வணக்கம். என் அக்கா தன் பணி நிறைவு விழாவுக்கு நான் அணிந்து வர வேண்டும் என்று ஒரு கவுனை வாங்கி அனுப்பியிருக்கிறார். விழாவுக்கு இன்னும் மூன்று வாரங்கள் இருக்கின்றன. அடர்பச்சை நிறம், கிரேப் துணி, நெருக்கமான வட்டக் கழுத்து, முழங்கைக்குச் சற்று மேலே முடிகிற அகலமான கை, கெண்டைக்கால் வரை இறங்கும் நீளம். தோளிலிருந்து கீழ் விளிம்பு வரை வளைவோ பிடிப்போ இல்லாத நேர் வெட்டு. நிறமும் துணியும் எனக்கு மிகவும் பிடித்துப்போயின. போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோதுதான் மனம் விட்டுப்போயிற்று.

என் அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். உயரம் 5 அடி 2 அங்குலம், மார்பு 46 அங்குலம், இடுப்பு 42, சீட் (பின்புறச் சுற்றளவு) 49. தோள் மட்டும் குறுகலானது. அதனால் கவுனின் தோள் தையல் என் தோள் எலும்பைத் தாண்டி ஒன்றரை அங்குலம் வெளியே விழுகிறது. மார்பிலிருந்து துணி நேராக இறங்குவதால், பக்கவாட்டில் பார்க்கும்போது தலையணை உறைக்குள் நிற்பதைப் போல இருக்கிறது. முன்பக்கம் கீழ் விளிம்பு தூக்கிக்கொண்டு நிற்கிறது, பின்பக்கம் தாழ்ந்து கிடக்கிறது. அகலமான கறுப்பு பெல்ட் ஒன்றைக் கட்டிப் பார்த்தேன். நாலு எட்டு நடப்பதற்குள் அது மார்புக்குக் கீழே ஏறிக்கொண்டது, முதுகுப் பக்கத் துணி பெல்ட்டுக்கு மேலே மூட்டையாகப் பிதுங்கியது.

ஒல்லியாகத் தெரிய வேண்டும் என்பது என் ஆசையன்று. எனக்காகத் தைத்த உடுப்பு என்று பார்ப்பவருக்குத் தோன்றினால் போதும். திருப்பி அனுப்பினால் அக்காவின் மனம் நோகும். நெடுக்குக் கோடு போட்ட நீண்ட மேலங்கி ஒன்று என்னிடம் இருக்கிறது. நெடுக்குக் கோடு உடலை மெலிவாகக் காட்டும் என்று எல்லோரும் சொல்வதால் அதை மேலே போட்டு மூடிவிடலாமா என்றும் யோசிக்கிறேன். தையல்காரரிடம் கொடுப்பதானால் என்னவென்று கேட்பது? கைத்தையல் ஓரளவு வரும்; மிஷின் இல்லை.

நூல்கண்டு:

சகோதரி, இருபது ஆண்டுகளாகத் தையல் மிஷின் முன் அமர்ந்திருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் குறைப்பட்டுக்கொண்ட நான்கு கோளாறுகளில் மூன்று, இரண்டே இடங்களில் பிறக்கின்றன. ஒன்று தோள், மற்றது மார்பின் பக்கவாட்டு. இடுப்பில் கை வைப்பதற்கு முன் இவ்விரண்டையும் பார்க்க வேண்டும். நீங்கள் இடுப்பில் தொடங்கியதால்தான் பெல்ட் உங்களுக்கு அடங்கவில்லை.

ரெடிமேட் உடுப்புகளில் பெரிய சைஸ் என்பது பெரும்பாலும் சிறிய சைஸின் மாதிரி வெட்டையே எல்லாப் பக்கமும் பெருக்கி எடுத்ததாக இருக்கும். மார்பு பெருக்கப்படும்போது தோளும் கழுத்தும் கைத்துளையும் கூடவே பெருகிவிடுகின்றன. மனித உடல் அப்படிப் பருப்பதில்லை. சதை மார்பிலும் வயிற்றிலும் சீட்டிலும் ஏறினாலும் தோள் எலும்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. தோள் தையல் கையின் மேல் சரிந்து கிடந்தால், உடம்பு முழுவதும் அந்த அகலம்தான் என்று பார்ப்பவர் கண் எடுத்துக்கொள்ளும்.

ஆகவே தையல்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, கையைப் பிரித்து, தோளை ஒன்றரை அங்குலம் உள்ளே வாங்கி, மீண்டும் கையை ஏற்றித் தரும்படிதான். கையைப் பிரித்தது பிரித்ததாக இருக்கும்போதே தோள் தையலில் அரை அங்குலம் பிடித்துவிட்டால் கைத்துளையும் மேலே ஏறும். கைத்துளை தாழ்ந்திருக்கும் உடுப்பில் கையைத் தூக்கினால் கவுன் மொத்தமும் கூடவே எழும்புவதைப் பார்த்திருப்பீர்கள். அது இதனால் அடங்கும். தோளில் பிடித்தால் கழுத்து இறுகுமே என்று கேட்பார்கள். இறுகட்டும், எப்படியும் அந்த வட்டக் கழுத்தைத் திறக்கத்தான் போகிறோம். நடுவில் மூன்று, நான்கு அங்குலம் இறக்கி ‘வி’ கழுத்தாக வெட்டி, உள்ளே கிராஸ் பட்டி, அதாவது மூலைவாட்டில் வெட்டிய துணிப்பட்டி, வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். வெட்டிய உடனே விளிம்பில் ஒரு வரி காப்புத் தையல் போடாவிட்டால் கிரேப் துணி இழுபட்டு வாயைப் பிளந்துகொள்ளும்.

அடுத்தது மார்பு. முன்பக்க விளிம்பு தூக்குவதற்குக் காரணம், துணியின் நீளத்தில் ஒரு பங்கை மார்பின் மேடு விழுங்கிவிடுவதுதான். பக்கத் தையலிலிருந்து மார்பு முனையை நோக்கி ஒரு டாட், அதாவது கூராக முடிகிற தையல் மடிப்பு, பிடித்தால் பக்கத்தில் தொங்கும் மிச்சத் துணி அதற்குள் போய்விடும். மார்புக்கு வடிவமும் கிடைக்கும். டாட்டின் கூர் மார்பு முனைக்கு ஓர் அங்குலம் முன்பே நின்றுவிட வேண்டும். முனை வரை இழுத்தால் அங்கே ஒரு குமிழ் எழும்பும், அது எந்த இஸ்திரிக்கும் படியாது. டாட் பிடித்ததும் முன்பக்கத்தின் பக்கத் தையல் நீளம் குறையும் என்பதால் பின்பக்கத்தையும் கீழே அதற்கேற்ப வெட்டிச் சமன் செய்ய வேண்டியிருக்கும். கெண்டைக்காலின் பருத்த இடத்திலேயே விளிம்பு முடிகிறதென்றால் இது நல்லதற்குத்தான்; ஓரிரு அங்குலம் ஏறி முழங்காலுக்குக் கீழே கால் ஒடுங்குகிற இடத்தில் நிற்கும். விளிம்பை மேசையில் போட்டு அளக்க விடாதீர்கள். விழாவுக்குப் போடப்போகும் செருப்போடு நீங்கள் நிற்க, தரையிலிருந்து அளந்து சுற்றிலும் குறி வைக்க வேண்டும்.

கடைசியாக இடுப்பு. முன்பக்கத்தை அப்படியே விட்டுவிடுங்கள். முதுகில் தோள்பட்டை எலும்புக்குக் கீழே தொடங்கி, சீட்டுக்கு மேலே முடிகிற மாதிரி இரண்டு பக்கமும் கூரான டாட் இரண்டு. ஒவ்வொன்றிலும் நடுவில் ஓர் அங்குலம் போதும். பக்கத் தையலிலும் ஆளுக்கொரு அங்குலம் உள்ளே வாங்கலாம். அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். நின்றுகொண்டு பிடித்த இடுப்பு உட்கார்ந்தால் இறுகும் என்பதால், உடலைவிட நான்கு அங்குலமாவது கூடுதலாக இருக்க வேண்டும். குண்டூசி குத்திய நிலையிலேயே ஒருமுறை நாற்காலியில் அமர்ந்து பார்த்துவிடுங்கள்.

அலமாரிச்சாவி:

நூல்கண்டு அக்கா சொன்ன தோள் விஷயத்தை மறுக்க மாட்டேன். ஆனால் மூன்று வாரத்தில் ஒரு புதுக் கவுனைக் கையிலிருந்து கழுத்துவரை பிரித்துப் போடும் துணிச்சல் எனக்கு வராது. என் உடல்வாகும் ஏறக்குறைய உங்களுடையதுதான். கழுத்தை அளவுக்கு மீறி இறக்கிவைத்த ஒரு தையல்காரரால் நல்ல உடுப்பொன்றைப் பறிகொடுத்தவள் நான். வெட்டிய துணி திரும்ப ஒட்டாது. கத்தரிக்கோல் படாமல் எவ்வளவு தூரம் போகலாம் என்று முதலில் பாருங்கள்.

அதே பச்சை நிறத்தில் ஒன்றரை முழ நாடா இரண்டு வாங்கி, மார்புக்கும் இடுப்புக்கும் இடையே உடல் மிக ஒடுங்கும் இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாகப் பக்கத் தையலில் வைத்துக் கைத்தையலால் உறுதியாகப் பிடித்துவிடுங்கள். இரண்டையும் முதுகுக்குப் பின்னால் முடிந்துகொண்டால் பின்பக்கத் துணி உடலோடு ஒட்டும், முன்பக்கம் வயிற்றின் மேல் விட்டேற்றியாக விழும். பெல்ட்டைப் போல ஏறவும் இறங்கவும் செய்யாது, ஏனென்றால் அது துணியோடு தைத்திருக்கிறது. தேவையில்லை என்றால் அரை மணி நேரத்தில் பிரித்துவிடலாம்.

கையை இரண்டு மடிப்பாக மேலே ஏற்றி, மடிப்பின் உட்புறம் நாலு தையல் போட்டுவையுங்கள் என்று எல்லோருக்கும் சொல்லலாம். உங்களுக்குச் சொல்ல மாட்டேன். பருத்த மேல்கையின் நடுவில் கை முடிந்தால் பார்வை அங்கேதான் போய் நிற்கும். உங்கள் கவுனில் அது முழங்கை அருகே முடிகிறது, அப்படியே இருக்கட்டும். அகலத்தை மட்டும் அடியில் கொஞ்சம் பிடியுங்கள்.

கோடு போட்ட மேலங்கியைப் பற்றி ஒரு வார்த்தை. நெடுக்குக் கோடு மெலிவாகக் காட்டும் என்பது ஊரெல்லாம் நம்புகிற செய்தி. ஆனால் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1867-லேயே இதற்கு நேர்மாறானதைக் குறிப்பிட்டிருக்கிறார்: ஒரே அளவுள்ள இரண்டு சதுரங்களில், கிடைக்கோடுகளால் ஆனதுதான் உயரமாகவும் ஒடுக்கமாகவும் தெரிகிறது. வளைவுள்ள உடம்பின் மேல் இது எந்த அளவுக்குச் செல்லும் என்பது வேறு பேச்சு. கோட்டை நம்பி மேலங்கியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதே நான் சொல்ல வந்தது. மேலங்கி உதவுவது வேறொரு காரணத்தால். திறந்துவிட்டால் அதன் இரண்டு ஓரங்களும் கழுத்திலிருந்து கீழே வரை இறங்கி, நடுவில் ஒரு பச்சைப் பட்டையை மட்டும் காட்டும். அதற்குக் கோடு வேண்டியதில்லை, துணி மெல்லியதாக இருந்து துவண்டு விழுந்தால் போதும். அதன் தோளும் சரிந்து கிடந்தால் மட்டும் போடாதீர்கள். ஒரு மூட்டைக்கு மேல் இன்னொரு மூட்டையாகிவிடும்.

மழைக்காகிதம்:

ஒன்றை விட்டுவிட்டீர்கள். உள்ளாடை சரியாக ஏந்தவில்லையென்றால் டாட் எங்கே பிடித்தும் பயனில்லை. மார்பு முனை, தோளுக்கும் முழங்கைக்கும் ஏறக்குறைய நடுவில் நின்றால் இடுப்பு தெரிவதற்கு இடம் கிடைக்கும். விழாவன்று போடப்போகும் உள்ளாடையைப் போட்டுக்கொண்டுதான் தையல்காரரிடம் அளவு கொடுக்க வேண்டும். கிரேப் பாலியெஸ்டராக இருந்தால் உடலில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே வழுக்கலான ஒரு ஸ்லிப் போட்டால் துணி தானாக இறங்கும்.

கைப்பேசியில் படம் எடுத்துப் பார்ப்பதானால் கையை நீட்டி எடுக்காதீர்கள். கிட்டத்திலிருந்து எடுத்தால் எது முன்னால் இருக்கிறதோ அது பெருத்துத் தெரியும். மார்பு உயரத்தில் எங்காவது சாத்திவைத்து, எட்டு, பத்து அடி தள்ளி நில்லுங்கள்.

பழையபெட்டி:

பெல்ட்டை இப்படி ஒரேயடியாகத் தள்ளிவைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அமெரிக்க வடிவமைப்பாளர் கிளேர் மெக்கார்டெல் 1938-இல் ‘மொனாஸ்டிக்’ என்ற பெயரில் கொண்டுவந்த கவுன் ஏறக்குறைய இந்தக் கதைதான். இடுப்பே இல்லாமல் கூடாரம் போல விழும் அந்த உடுப்பை, அணிகிறவர் தமக்கு வேண்டிய இடத்தில் பெல்ட் கட்டி வடிவத்துக்குக் கொண்டுவந்தார். அது விற்றுத் தீர்ந்தது. ஆனால் அது கிராஸாக வெட்டப்பட்ட துணி, ஆகவே கட்டிய இடத்தில் மடிப்புகள் நெகிழ்ந்து விழுந்தன. ஊதாப்பூவின் கவுன் நேர் இழையில் வெட்டியது போலத் தெரிகிறது. அதனால்தான் அது பிதுங்குகிறது.

அப்படியும் கட்ட விரும்பினால் அகலமான கறுப்பு பெல்ட் வேண்டாம். உயரம் குறைவாகவும் மார்பு நிறைவாகவும் இருப்பவர்களுக்கு மார்புக்கும் இடுப்புக்கும் இடையே உள்ள இடமே நாலு விரற்கடைதான். அதில் அகலமான பட்டை உட்கார இடமேது? விரல் அகலத்தில், கவுனின் நிறத்திலேயே, மெத்தென்று வளைகிற ஒன்றைக் கட்டுங்கள். முதுகில் டாட் பிடித்த பிறகு கட்டுங்கள்.

ஊதாப்பூ:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு அலமாரிச்சாவி சொன்னபடி நாடாவைக் குண்டூசியால் குத்தி, பின்னால் முடிந்து பார்த்தேன். முதுகு படிந்துவிட்டது, பக்கவாட்டில் தலையணை உறை மறைந்துவிட்டது. ஆனால் தோள் அப்படியே சரிந்து கிடந்தது. இடது தோளை மட்டும் ஒன்றரை அங்குலம் மடித்துக் குத்திக்கொண்டு நின்றேன். ஒரே உடம்பில் இடது பாதி ஒருத்தி, வலது பாதி வேறொருத்தி போல இருந்தது, சிரித்துவிட்டேன். நூல்கண்டு அக்கா சொன்னது அப்போதுதான் முழுமையாக விளங்கிற்று.

அதனால் தோளையும் மார்பு டாட்டையும் தையல்காரரிடம் கொடுப்பது, இடுப்புக்கு நாடா வைப்பது, கழுத்தை மட்டும் மூன்று அங்குலத்துக்கு மேல் இறக்கக் கூடாது என்று சொல்லிவிடுவது என முடிவு செய்திருக்கிறேன். கோடு போட்ட மேலங்கியைப் போட்டுப் பார்த்தேன். அதன் தோளும் சரிந்துதான் கிடக்கிறது, அது அலமாரியிலேயே இருக்கட்டும். கொடுப்பதற்கு முன் நான் செய்ய வேண்டியது ஏதும் உண்டா?

நூல்கண்டு:

உண்டு. துணியை முதலில் ஒருமுறை, அதன் லேபிளில் சொன்னபடி அலசிக் காயவைத்துவிடுங்கள். கிரேப்பில் சில வகை முதல் தண்ணீரிலேயே சுருங்கும்; அளவு பிடித்த பிறகு சுருங்கினால் நாம் விட்டுவைத்த நான்கு அங்குலம் காணாமற்போகும். தையல்காரரிடம் முதலில் குண்டூசியால் குத்தி, பிறகு நூலோட்டிப் போட்டுப் பார்த்து, அதன் பிறகே மிஷினில் ஓட்டச் சொல்லுங்கள். கழுத்தை ஒரே வெட்டில் வெட்ட விடாதீர்கள்: முதலில் இரண்டு அங்குலம், போட்டுப் பார்த்துவிட்டு மூன்றாவது. வெட்டிய துணித் துண்டுகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், நாடாவுக்குக் கடை கடையாக நிறம் தேட வேண்டியிருக்காது. விளிம்பில் வெட்டிய பட்டையிலிருந்தே தைத்துவிடலாம்.