குழி தோண்டாமல் நிற்கிற தடுப்பு வேண்டும், வாடகைக்கு விட. எது வாங்கலாம்?

காட்பாடி பந்தல்:
வணக்கம். பந்தல், சேர், சமையல் பாத்திரம் வாடகைக்கு விடும் கடை எங்களுடையது. அப்பா காலத்தில் திருவிழாத் தடுப்பு என்றால் சவுக்குக் கட்டை, கடப்பாரை, கயிறு, அவ்வளவுதான். இப்போது எந்தத் தெருவுக்குப் போனாலும் சிமென்ட் ரோடு, இல்லையென்றால் பேவர் பிளாக். கடப்பாரையைக் கையில் எடுத்தாலே தெருக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். அதனால் சட்டென்று இறக்கி வைத்து, விழா முடிந்ததும் அள்ளிப் போட்டுக்கொண்டு வருகிற பேரிகேட் சொந்தமாக வாங்கலாம் என்று யோசனை. தேர், அம்மன் ஊர்வலம், மண்டப பார்க்கிங், தை மாதத்தில் மாடு விடும் விழா, எல்லாவற்றுக்கும் ஒரே சரக்கு ஓட வேண்டும். முதலில் 100 மீட்டர் போதும். கடையில் இரண்டரை மீட்டர் நீளத்தில் காட்டுகிறார்கள். தண்ணீர் ஊற்றி வைக்கிற பிளாஸ்டிக்கும் இருக்கிறதாம். எது சரி?

பாலாற்றங்கரை:
பிளாஸ்டிக் வேண்டாம் அண்ணா. பெங்களூர் ஹைவேயில் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் கிடப்பதற்கு அது சரி. ஒரு நாள் விழாவுக்கு தண்ணீர் லாரிக்கு யார் அலைவது? சித்திரை மாதத்தில் குடிக்கவே தண்ணீர் தேட வேண்டியிருக்கும். ஊற்றாமல் வைத்தால் சின்னப் பையன் தள்ளினாலே நகரும்.

ராணிப்பேட்டை பட்டறை:
தம்பி, இரண்டரை மீட்டர் வாங்காதே. உன்னிடம் இருப்பது குட்டி யானை (டாடா ஏஸ்) வண்டியாகத்தான் இருக்கும். அதன் தொட்டி ஏழடிக்குக் கொஞ்சம் மேலே. இரண்டரை மீட்டர் என்றால் எட்டடிக்கும் மேல், பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு மீட்டர் நீளம், தரையிலிருந்து 1.1 மீட்டர் உயரம் என்று அடித்துக்கொள்.

சுற்று பிரேம் ஒன்றரை இன்ச் பைப், 1.6 எம்எம் கனம். நடுவில் நிற்கிற கம்பி அதைவிட ஒல்லியாக இருக்கலாம், ஆனால் இடைவெளி நாலு இன்ச்சைத் தாண்டக் கூடாது, குழந்தை தலையை விட்டுவிடும். இந்தக் கணக்கில் ஒன்று காலோடு சேர்த்து 16 கிலோ வரும். ஒரு ஆள் தூக்கலாம். 100 மீட்டருக்கு 50 தடுப்பு, 800 கிலோ. ஒரே நடையில் ஏற்ற நினைக்காதே, வண்டி படுத்துவிடும்.

கால்தான் முக்கியம், கடையில் அதைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள். காலை வெல்டு வைத்து நிரந்தரமாக்கினால் ஒன்றன் மேல் ஒன்று படுக்காது, பாதி வண்டி காற்றுதான் போகும். சாக்கெட் வைத்து, பின் போட்டுக் கழற்றுகிற காலாகக் கேள். கூட்டம் நடக்கிற பக்கத்துக்குப் பட்டையான தகடு கால் போடு. வளைந்து மேலே எழும்பிய கால் இருட்டில் ஆளைக் கவிழ்த்துவிடும்.

துரு பிடிக்காமல் இருக்க, தடுப்பை முழுதாக வெல்டு வைத்து முடித்த பிறகு உருக்கிய துத்தநாகத் தொட்டியில் முக்குவதுதான் நல்லது. அப்படி முக்குவதாக இருந்தால் ஒவ்வொரு பைப்பிலும் காற்றுப் போக ஓட்டை போட்டார்களா என்று பார். தொட்டி 450 டிகிரி சூட்டில் இருக்கும், அடைபட்ட பைப் உள்ளே போனால் வெடிக்கும். ஏற்கெனவே துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பை வாங்கி வெல்டு வைத்தால் வெல்டு வைத்த இடத்தில் பூச்சு எரிந்து போகும், துரு அங்கிருந்துதான் கிளம்பும். அங்கே ஜிங்க் பெயின்ட் அடிக்கச் சொல்.

அப்புறம், தடுப்பில் விளம்பர பிளெக்ஸ் கட்ட யார் காசு கொடுத்தாலும் விடாதே. இரண்டு மீட்டர் தடுப்பை பிளெக்ஸ் மூடினால், மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று 13 கிலோ பாரத்தால் தள்ளுகிற மாதிரி தள்ளும். 50 கிலோமீட்டரானால் 26 கிலோ. தடுப்பின் எடையே 16தான். கோடை மழைக்கு முன்னால் நம்ம ஊரில் அடிக்கிற காற்று தெரியுமே, வரிசையோடு சாயும். கட்டியே ஆக வேண்டும் என்றால் ஒவ்வொரு காலிலும் மணல் மூட்டை.

குடியாத்தம் வாசி:
வைகாசி ஒன்றாம் தேதி எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் பார்த்தவர்களுக்குத் தெரியும், வழியெல்லாம் தேங்காய் உடைபடும். ரோடு முழுக்கத் தேங்காய் நீரும் ஓட்டுச் சில்லும். அந்த ஈரத்தில் வெறும் இரும்புக் கால் சிமென்ட் மேல் வழுக்கிக்கொண்டே போகும். காலடியில் பழைய டயரை வெட்டி போல்ட் போட்டு முடுக்குங்கள். இன்னொன்று, ஒன்றோடு ஒன்று கொக்கி மாட்டிய தடுப்பு வரிசையில் நடுவில் ஒன்றை மட்டும் உருவ முடியாது, பக்கத்தில் இருப்பதையும் தூக்க வேண்டும். 108 வண்டி வந்தால் திறப்பதற்குச் சில இடங்களில் கொக்கி இல்லாமல் கீல் வைத்த கேட் தடுப்பு வேண்டும். கமிட்டிக்காரர்கள் கேட்க மாட்டார்கள், நீங்களே வைத்துவிடுங்கள்.

துபாய் வேலூரான்:
நான் இங்கே கச்சேரி மேடை போடுகிற வேலையில் இருக்கிறேன். இந்த மாதிரி தடுப்பு வரிசையை ஒழுங்குபடுத்தத்தான். நெருக்குகிற கூட்டத்தைத் தாங்காது, சாயும், அதன் மேலேயே ஆட்கள் விழுவார்கள். மேடைக்கு முன்னால் நாங்கள் போடுவது வேறு: அடியில் தகடு இருக்கும், ஜனங்கள் அந்தத் தகட்டின் மேல் நிற்பார்கள், அவர்கள் எடையே தடுப்பைப் பிடித்து வைக்கும். உள்ளூர் ஆர்கெஸ்ட்ராவுக்கு வாடகை கேட்டால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

காட்பாடி பந்தல்:
எல்லோருக்கும் நன்றி. இரண்டு மீட்டர், கழற்றுகிற கால், முடிவு செய்தாயிற்று. மாடு விடும் விழாவுக்கு இது ஆகுமா என்று யாரும் சொல்லவில்லையே?

ராணிப்பேட்டை பட்டறை:
ஆகாது தம்பி. அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் மாடு எப்படிப் பாய்கிறது என்று பார்த்திருப்பாய். செகண்ட் கணக்கில் பரிசு, கண் மூடித் திறப்பதற்குள் தெருவைக் கடக்கும். மிரண்டு ஓரமாகத் திரும்பினால் 16 கிலோ இரும்பு அதற்குத் துரும்பு. தடுப்பு சாய்ந்தால் கம்பிக்குள் சிக்கி மாட்டுக்குக் காலும் முறியும், ஆளும் சாவான். ஆட்சியர் அனுமதி கொடுக்கும்போது இரட்டைத் தடுப்பு கேட்பார்கள், அதற்குப் புதைத்த சவுக்குதான். சிமென்ட் போடப் போகிற தெருவாக இருந்தால் இரண்டு ஓரத்திலும் பைப் துண்டு புதைத்து மூடி போட்டு வைக்கச் சொல். விழா அன்று மூடியைக் கழற்றிக் கட்டையை இறக்கினால் போதும், கடப்பாரை வேலையே இல்லை. உன் இரும்புத் தடுப்பை அதற்குப் பின்னால், பார்க்கிறவர்கள் நிற்கிற இடத்தில் வை.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் பட்டறையில் ஜிக், அதாவது எல்லாத் தடுப்பும் ஒரே அளவில் வர வைத்து அடிக்கிற அச்சு, இருக்கிறதா என்று கேள். கைக்கணக்கில் கொக்கி வைத்தால் ஒன்று மேலே, ஒன்று கீழே போய்விடும். மொத்தச் சரக்கும் வந்ததும் முதலில் அடித்ததையும் கடைசியில் அடித்ததையும் எடுத்து மாட்டிப் பார். சுத்தியல் இல்லாமல் இறங்கினால் மீதிப் பணத்தைக் கொடு.