புதுப்பிப்பு: வங்கி அதிகாரி நேர்முகத் தேர்வு முடிந்தது

நேர்முகத் தேர்வுக்கு 20 நாட்களே இருக்கின்றன, எதைப் படிப்பது என்று போன மாதம் கேட்டிருந்தேன். நேற்று முடித்துவிட்டு வந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

“உங்கள் ஊரைப் படியுங்கள்” என்று ஓர் அண்ணன் எழுதியிருந்தார். அதுதான் என்னைக் காப்பாற்றியது. சிவகாசி என்றதும் பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம் மூன்றையும் தொட்டார்கள். பருவகாலத் தொழிலுக்கு நடைமுறை மூலதனக் கடன் (அன்றாடத் தொழில் செலவுக்கான கடன்) ஏன் தேவை என்று கேட்டார்கள். அப்பாவின் அச்சகத்தில் தீபாவளிக்கு முன் காகிதம் வாங்கப் பணம் புரட்டும் பாட்டை அப்படியே சொன்னேன். தேர்வுக் குழுத் தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்.

தவணை 90 நாளுக்கு மேல் கட்டப்படாமல் இருந்தால் அது வாராக்கடன் என்றதும், பயிர்க்கடனுக்கும் அதேதானா என்றார்கள். இல்லை, அங்கே பயிர்ப் பருவக் கணக்கு என்றேன். வங்கி முடங்கினால் வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் வைப்புத்தொகைக் காப்பீடு 5 லட்சம் வரை என்பது தெரியும். அதில் வட்டியும் அடக்கமா என்றபோது தடுமாறி, தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். அசலும் வட்டியும் சேர்த்துத்தான் 5 லட்சம். அடுத்துப் போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

இறுதிப் பட்டியலில் முதன்மைத் தேர்வுக்கு 80, நேர்முகத் தேர்வுக்கு 20 என்ற விகிதம். முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.