பழைய டிபேஸ் கணக்கில் சில பார்ட்டி பெயர்களுக்கு முன்னால் "ஆர்" ஒட்டியிருப்பது ஏன்?

கேள்வி: வத்தல்மண்டி மகன்

வணக்கம். கீழமாசி வீதியில் எங்களுக்கு மிளகாய் வத்தல் மண்டி. அப்பா 1991-லேயே கடையில் கணினி வாங்கிப் போட்டவர். டிபேஸ் த்ரீ பிளஸ் என்ற பழைய டேட்டாபேஸ் மென்பொருளில் ஒருவர் எழுதிக் கொடுத்த புரோகிராமில்தான் பல வருஷம் கணக்கு ஓடியது. அப்பா போன வருஷம் தவறிவிட்டார். பரணைச் சுத்தம் செய்தபோது பழைய ஃபிளாப்பிகளோடு, அவற்றையெல்லாம் ஏற்றி வைத்த ஒரு சிடியும் கிடைத்தது. வருஷத்துக்கு ஒரு டிபிஎஃப் கோப்பு (கணக்கு இருப்பது). கூடவே சில பிஆர்ஜி (புரோகிராம்), ஒரே ஒரு எஃப்எம்டி.

1994–95 கோப்பை நோட்பேடில் திறந்தேன். தொடக்கத்தில் புரியாத குறிகள், அப்புறம் எல்லாம் ஒரே வரியாக ஓடுகிறது. ஆனால் ஊர்ப் பெயர்கள் தெரிகின்றன. எங்கள் கடையில் பார்ட்டிகளை ஊர்ப் பெயரால்தான் எழுதுவது வழக்கம்: மேலூர், நத்தம், உசிலம்பட்டி என்று. சிக்கல் இதுதான். சில இடங்களில் "ஆர்நத்தம்", "ஆர்மேலூர்" என்று முன்னால் ஆங்கில ஆர் எழுத்து ஒட்டியிருக்கிறது. இவர்கள் வேறு பார்ட்டிகளா? ரிட்டர்ன் சரக்கா? எனக்குத் தெரிந்த ஆடிட்டர் "தனிப் பார்ட்டியாகத்தான் இருக்கும், எல்லாமே கடன் பில்" என்கிறார். ஒரு சில பில்களுக்கு முன்னால் நட்சத்திரக் குறியும் இருக்கிறது.

கோப்பின் அளவு 2,73,282 பைட். விண்டோஸ் கணினி, அதில் லினக்ஸ் கட்டளைகளை ஓட்ட டபிள்யூஎஸ்எல் போட்டிருக்கிறேன். டிபேஸ் என்னிடம் இல்லை.


பதில்: திருநகர் வாசகி

லிப்ரே ஆஃபீஸ் கால்க்கில் டிபிஎஃப் கோப்பு நேரடியாகத் திறக்கும். பார்ப்பதற்கு அது போதும். ஆனால் திறந்து பார்த்துவிட்டு அதிலேயே சேமித்துவிடாதீர்கள். மூலக் கோப்பு தொடாமல் தனியாக இருக்கட்டும்.


பதில்: சிம்மக்கல் பழையவர்

தம்பி, அப்பா காலமானதற்கு என் ஆழ்ந்த வருத்தம். 1988-லிருந்து மதுரைக் கடைகளுக்கு இதே வேலையைத்தான் செய்தேன். நெல்பேட்டை, கீழமாசி வீதி, யானைக்கல் வாழைக்காய் மண்டி என்று சைக்கிளில் ஃபிளாப்பிப் பெட்டியோடு சுற்றியவன். உங்கள் கடைப் புரோகிராமை எழுதியவன் நானில்லை. ஆனாலும் உங்கள் கேள்வியைப் படித்ததும் என் கையே அந்தத் திரைக்குப் போய்விட்டது.

முதலில் கோப்பு. டிபிஎஃப் ஒன்றும் பூட்டு அல்ல. முதல் 32 பைட்டில் தலைப்பு. அதன்பின் ஒவ்வொரு கட்டத்துக்கும் (தேதி, பில் நம்பர், பார்ட்டி மாதிரி) 32 பைட் விவரம், முடிவுக் குறி ஒரு பைட், அப்புறம் முழுக்க உங்கள் பில்கள்தான். கோப்பைப் பைட் பைட்டாகக் காட்டும் ஒரு ஹெக்ஸ் வியூவரில் முதல் 12 பைட்டை எண்களாகப் பாருங்கள். முதல் எண் 3. அடுத்த மூன்றும் கடைசியாகத் திருத்திய வருஷம், மாதம், நாள். அடுத்த நான்கு பைட்டில் மொத்த பில் எண்ணிக்கை. ஒன்பதாவதும் பத்தாவதும் தலைப்பின் நீளம், பதினொன்றும் பன்னிரண்டும் ஒரு பில்லின் நீளம். இந்த நீள ஜோடி ஒவ்வொன்றிலும் இரண்டாவது பைட்டை 256-ஆல் பெருக்கி முதலாவதோடு கூட்ட வேண்டும்.

தலைப்பு நீளம் 321, ஒரு பில் 80 என்று வருமென்று நினைக்கிறேன். உங்கள் அளவிலிருந்து 321-ஐயும், கோப்பின் கடைசியில் நிற்கும் ஒரு முடிவு பைட்டையும் கழித்தால் 2,72,960. அதை 80-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 3,412 பில். மற்ற நீளங்களைப் போட்டுப் பார்த்தேன், இவ்வளவு அழகாக உட்காரவில்லை. 80-க்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காலத்து 360 கேபி ஃபிளாப்பியில் 3,62,496 பைட் எழுதலாம். பில்லுக்கு 80 பைட் என்றால் 4,500 பில்லுக்கு 3,60,000. ஒரு வருஷக் கணக்கு ஒரே ஃபிளாப்பியில் அடங்க வேண்டும் என்றுதான் நாங்கள் ஒவ்வொரு எழுத்தாக எண்ணிக் கட்டம் போட்டோம். ஊர்ப் பெயருக்கு இரண்டு எழுத்து கூடுதலாகக் கொடுக்கலாமா என்று ஒரு சாயங்காலம் பூரா யோசித்ததெல்லாம் உண்டு.

நோட்பேடில் ஒரே வரியாக ஓடுவதற்குக் காரணம், பில்லுக்கும் பில்லுக்கும் நடுவே வரி முறிவே கிடையாது. விண்டோஸுக்கு முந்தைய டாஸில், எழுத்தைத் தேடும் ஃபைண்ட் கட்டளையை நேரே டிபிஎஃப் மேல் ஏவினால் பயன் இல்லாமல் போனதும் அதனால்தான். அதற்கு வரி வேண்டும். நாங்கள் டிபேஸுக்குள்ளிருந்தே எஸ்டிஎஃப் வகையில் உரைக் கோப்பாக எடுத்துக்கொள்வோம். உங்களுக்கு டபிள்யூஎஸ்எல் இருக்கிறது. டெயில் கட்டளையில் -சி +322 கொடுத்தால் தலைப்பைத் தாண்டிவிடும். அதைக் குழாய் (|) வழியே ஃபோல்ட் -டபிள்யூ 80-க்கு அனுப்பி, வருவதை ஓர் உரைக் கோப்பில் சேமியுங்கள். பில்லுக்கு ஒரு வரியாக வந்து நிற்கும். பார்க்க அவ்வளவு நிம்மதியாக இருக்கும்.

வரியின் முதல் எழுத்து வெறும் இடமாக இருந்தால் நல்ல பில். நட்சத்திரம் என்றால் நீக்கச் சொன்ன பில். டிபேஸில் டிலீட் கொடுத்தால் குறி மட்டும்தான் விழும். பேக் கொடுத்தால்தான் உண்மையிலேயே போகும். உங்கள் கடையில் பேக் கொடுக்கவில்லை. அது நல்ல காரியம்.

இப்போது அந்த உரைக் கோப்பை விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில், வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளைக்குக் கொடுங்கள். பார்ட்டி பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்று ஒரு வரியை எண்ணிப் பார்த்து, 15 என்றால் /+15 என்று சேருங்கள். டாஸ் நாளிலிருந்து அந்தக் குறி மாறவே இல்லை. (அப்போது சார்ட்டுக்கு 64 கேபிக்கு மேல் தாங்காது. முதலில் ஃபைண்டில் ஒரு ஊரை மட்டும் வடித்து, அதைத்தான் சார்ட்டுக்குத் தள்ளுவோம். நடுவே குழாய்க்காக டிஸ்கில் ஒரு தற்காலிகக் கோப்பு எழுதும். ஃபிளாப்பியில் இடமில்லையென்றால் அங்கேயே நின்றுவிடும்.) "ஆர்" பெயர்களெல்லாம் ஓரிடத்தில் கூடிவிடும். அவற்றின் பில் நம்பரையும் தேதியையும் பார்த்துச் சொல்லுங்கள். கூடவே, திரையில் எந்தக் கட்டம் எங்கே என்று எழுதியிருக்கும் எஃப்எம்டி கோப்பை நோட்பேடில் திறந்து முதல் சில வரிகளை எழுதுங்கள். அது முழுக்கப் படிக்கக்கூடிய எழுத்துதான். என் சந்தேகம் தரவின் மேல் இல்லை தம்பி, திரையின் மேல்தான்.


பதில்: வத்தல்மண்டி மகன்

ஐயா, அப்படியே வந்தது. பைட்டுகள்: 3, 95, 3, 31, 84, 13, 0, 0, 65, 1, 80, 0. பார்ட்டி பெயர் 15-ஆவது எழுத்தில்தான் தொடங்குகிறது.

"ஆர்" பெயர்கள் 17 பில்கள். எல்லாம் 1994 ஜூலை. பில் நம்பர் 1000-க்கு முன்னால் ஒன்றுகூட இல்லை. 1093-க்கு அப்புறமும் இல்லை. 93–94 கோப்பையும் பார்த்தேன், அதிலும் 1000-க்கு மேல்தான் தொடங்குகிறது!

எஃப்எம்டியில் இருப்பது: 4-ஆவது வரியில் தேதி. 6-ஆவது வரியில் பில் நம்பர், பிக்சர் "9999". அதே வரியில் 40-ஆவது இடத்தில் "ஆர்/கே", பிக்சர் "!". 8-இல் பார்ட்டி, 10-இல் சரக்கு, அப்புறம் மூட்டை, எடை, விலை, தொகை.


பதில்: சிம்மக்கல் பழையவர்

ஆர் என்றால் ரொக்கம், கே என்றால் கடன். பெயருக்கு முன்னால் இருக்கும் ஆர், முந்தின கட்டத்தில் விழவேண்டிய ஆர்.

டிபேஸில் செட் கன்ஃபர்ம் என்று ஒன்று உண்டு. அதை ஆன் செய்தால், கட்டம் நிறைந்தாலும் என்டர் தட்டினால்தான் கர்சர் நகரும். ஆஃப் என்றால், கட்டம் நிறைந்ததும் மணி அடித்துத் தானாக அடுத்ததுக்குத் தாவிவிடும். பிஆர்ஜி கோப்புகளில் "கன்ஃபர்ம்" என்று ஃபைண்ட் போட்டுப் பாருங்கள். ஒன்றும் வராவிட்டால் ஆஃப் என்றுதான் அர்த்தம், டிபேஸின் இயல்பு அதுவே.

இப்போது கணக்குப்பிள்ளையின் இடத்தில் உட்காருங்கள். கண் சீட்டில், கை பலகையில். ஏப்ரலில் பில் நம்பர் 1-லிருந்து தொடங்குகிறது. 347 என்று அடித்து என்டர். "ஆர்/கே" கட்டத்தில் கே தயாராக இருக்கும். கடன் என்றால் இன்னொரு என்டர். ரொக்கம் என்றால் ஆர். ஓரெழுத்துக் கட்டம் என்பதால் உடனே நிறைந்து மணி அடித்துத் தாவும். அப்புறம் ஊர்ப் பெயர். மூன்று மாதம் கை இப்படியே பழகிவிட்டது.

ஒரு நாள் பில் 1000 வருகிறது. நாலு இலக்கக் கட்டம் நிறைந்துவிட்டது, கர்சர் தானாக "ஆர்/கே"க்குப் போய்விட்டது. கை பழக்கத்தில் என்டர் தட்டுகிறது. கே அப்படியே ஏற்கப்பட்டு, கர்சர் பார்ட்டி கட்டத்துக்கு வந்துவிடுகிறது. அவர் ஆர் அடிக்கிறார், நத்தம் அடிக்கிறார். "ஆர்நத்தம்", கடன் பில். ரொக்க பில்லுக்கு எப்போதும் ஒரு மணி கேட்கும். இப்போதும் ஒரு மணிதான் கேட்டது, ஆனால் ஆர் அடித்தபோது அல்ல, பில் நம்பரின் நாலாவது இலக்கத்தில். காதுக்கு வித்தியாசமே தெரியாது.

கடன் பில்லில் இதே தடுமாற்றம் வந்தால் உடனே பிடிபட்டுவிடும். ஊர்ப் பெயர் சரக்குக் கட்டத்துக்குப் போகும், சரக்குப் பெயர் மூட்டைக் கட்டத்துக்குப் போகும். அங்கே எண் தவிர எதுவும் ஏறாது, மணி விடாமல் அடிக்கும். நிமிர்ந்து பார்த்துத் திருத்திவிடுவார். அப்படி நாலு தடவை திருத்தினால் கை மாறிக்கொள்ளும். 1093-க்கு அப்புறம் தவறு நின்றது அதனால்தான். அடுத்த ஏப்ரலில் மறுபடி 1 என்று தொடங்கும்போது கையும் பழையபடி மாறிவிடும்.

இதில் எனக்கு வருத்தம் தருவது திரைதான். மண்டிச் சீட்டில் ரொக்கமா கடனா என்ற முத்திரை கீழே, தொகைக்குப் பக்கத்தில் இருக்கும். இங்கே பில் நம்பர் வரியில் பாதி இடம் காலியாகக் கிடக்கிறதே என்று அங்கே செருகியிருக்கிறார்கள். இடத்துக்கு ஒரு குறையும் இல்லை. 25 வரியில் நிலைப்பட்டைக்கும் செய்திக்கும் கடைசி மூன்றை விட்டாலும் 22 வரி இருக்கிறது. சீட்டில் கண் போகிற வரிசையில் திரையில் கர்சர் போக வேண்டும். ஒவ்வொரு கடையிலும் கால் நாள் உட்கார்ந்து கணக்குப்பிள்ளை சீட்டு எழுதுவதைப் பார்த்த பிறகுதான் நான் முதல் கட்டத்தையே போடுவேன்.


பதில்: திருநகர் வாசகி

நான் டிபேஸ் மாதிரியே இருக்கும் ஃபாக்ஸ்புரோவில் வேலை பார்த்தவள். படிக்கப் படிக்க எனக்குச் சிலிர்த்தது சார். தம்பி, அதே மாதிரி திரை வேண்டுமென்றால் ஹார்பர் என்ற இலவசக் கம்பைலர் இருக்கிறது. டிபேஸ் வழிவந்த கிளிப்பர் மொழியையே எடுத்துக்கொள்ளும், உங்கள் டிபிஎஃப் கோப்புகளை அப்படியே திறக்கும். அதில், அடித்ததைச் சரிபார்த்த பிறகே கட்டத்தை விட்டு நகரவிடும் வேலிட் போடலாம். டிபேஸ் த்ரீ பிளஸில் அந்த வசதியே இல்லை, டூ வைல் சுற்று எழுதித்தான் சரிபார்க்க வேண்டும். செட் கன்ஃபர்ம் ஆன் என்பதை முதல் வரியாக எழுதிவிடுங்கள்.


பதில்: வத்தல்மண்டி மகன்

ஐயா, ஃபைண்ட் போட்டேன். "கன்ஃபர்ம்" எந்தக் கோப்பிலும் இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கணக்குப்பிள்ளை தாத்தா இப்போது அவனியாபுரத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். சின்ன வயதில் நான் பார்த்த ஞாபகம், ஆடி மாதம் வந்தால் அப்பாவுக்கும் அவருக்கும் வாக்குவாதம் வரும். பாக்கிப் பட்டியல் எடுத்து ஆள் அனுப்பினால், பார்ட்டி "ரொக்கம் கொடுத்துத்தானே சரக்கு எடுத்தேன்" என்று கோபித்துக்கொள்வார். அப்பா திரும்பி வந்து, பெயரைக்கூடப் பார்த்து ஏற்ற முடியவில்லையா என்று சத்தம் போடுவார். தாத்தா ஒரே வார்த்தைதான் சொல்வார்: "முதலாளி, நான் ஆர் அடிச்சேன்." 1998-ல் அந்த மனவருத்தத்தோடுதான் வேலையை விட்டார்.

நேற்று சாயங்காலம் அந்த 17 வரிகளையும் பெரிய எழுத்தில் அச்செடுத்துக்கொண்டு போனேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. பில் 1000, 1004 என்று விரலால் காட்டி, பெயருக்கு முன்னால் இருக்கும் ஆர் எழுத்தைத் தொட்டுக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, பதினேழையும் ஒவ்வொன்றாக வாசித்தார். அப்புறம் மேசை மேல் விரலை வைத்து, ஒன்று, பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், என்டர், ஆர் என்று அடித்துக் காட்டினார். நீங்கள் எழுதியிருந்த அதே வரிசை.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மற்ற வருஷங்களையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார். இன்று இரவு 92–93-ஐ ஃபோல்ட் செய்யப் போகிறேன்.