மோரிஸ் மைனர் 1000: கிளம்பும்போது வண்டி உதறுகிறது. எஞ்சின் மவுண்ட்டை வீட்டிலேயே மாற்றலாமா?

மலையடிவாரம் (காத்ர் போர்ன், மொரீஷியஸ்)

எல்லோருக்கும் வணக்கம். அப்பா ஓட்டிய 1965 மோரிஸ் மைனர் இப்போது என் கையில். இரண்டு கதவு, 1098 சிசி. நன்றாக ஓடுகிற வண்டிதான். ஆனால் முதல் கியரில் கிளட்ச்சை விடும்போது முழு வண்டியும் தடதடவென்று உதறுகிறது. ரிவர்ஸில் இன்னும் மோசம். சமமான ரோட்டில் மெல்ல விட்டால் சமாளித்துவிடலாம். கோர் த கார்ட் மலை முருகன் கோவிலுக்கு ஏறும் ரோட்டில் நின்று கிளம்பினால், பின்சீட்டிலிருக்கும் அம்மா "என்னை இறக்கிவிடு, நடந்தே வருகிறேன்" என்கிறார். ஐடிலிங்கில் கியர் லீவர் ஆடுவது கண்ணுக்கே தெரிகிறது.

ஒரு கராஜில் காட்டினேன். பானெட்டைக்கூடத் திறக்காமல், கிளட்ச் பிளேட் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும் என்றார்கள். எனக்கு மவுண்ட் (எஞ்சினைத் தாங்கும் ரப்பர்) மேல்தான் சந்தேகம். முன்பக்க இடது ரப்பர் எண்ணெயில் ஊறிக் களி மாதிரி கிடக்கிறது, விரல் வைத்தால் அமுங்குகிறது.

எஞ்சினை இறக்காமல், ஜாக்கி மட்டும் வைத்து மாற்ற முடியுமா? எஞ்சினைத் தூக்கும் ஹாயிஸ்ட் என்னிடம் இல்லை. முற்றமும் கருங்கல் சரளை போட்ட தரை.

பழைய ஸ்பேனர் (ரோஸ் ஹில்)

முடியும் தம்பி. ஆனால் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனை. பானெட்டைத் திற, ஹேண்ட் பிரேக்கை இழு, சக்கரத்துக்குக் கட்டை வை. உள்ளே ஒருவர் உட்கார்ந்து பிரேக்கை நன்றாக மிதித்துக்கொண்டு, முதல் கியரில் கிளட்ச்சை மெல்ல விடட்டும். வண்டி நகரக் கூடாது, எஞ்சின் லேசாக முக்கினால் போதும். அப்புறம் ரிவர்ஸிலும் அதையே செய்யட்டும். நீ பக்கவாட்டில் நின்று மவுண்ட்டைப் பார். வண்டிக்கு முன்னால் நிற்காதே.

மைனரில் கிளட்ச்சுக்கு ஹைட்ராலிக் கிடையாது. பெடலிலிருந்து கம்பியும் ரிலே ஷாஃப்ட்டும் (அசைவைக் கடத்தும் குறுக்குத் தண்டு)தான் வேலை செய்கின்றன. பெடல் பாடியில் இருக்கிறது, கிளட்ச் எஞ்சினோடு இருக்கிறது. மவுண்ட் தளர்ந்தால் என்ன ஆகும்? கிளட்ச் பிடிக்க ஆரம்பித்ததும் எஞ்சின் அசையும். அசைந்ததும் கம்பி இழுபட்டுக் கிளட்ச் கொஞ்சம் விடும். விட்டதும் எஞ்சின் பழைய இடத்துக்குத் திரும்பும், கிளட்ச் மறுபடி பிடிக்கும். இந்த இழுபறிதான் உன் அம்மாவைக் கீழே இறக்கப் பார்க்கிறது. பிளேட் புதிதாக இருந்தாலும் உதறும்.

கராஜ்காரர் சொன்னதையும் தள்ளிவிட முடியாது. இந்த ஏ சீரிஸ் எஞ்சினில் கிராங்க்கின் (எஞ்சினுக்குள் சுழலும் தண்டு) பின்பக்கம் எண்ணெய் கசிவது பிறவிக் குணம், அது கிளட்ச்சில் பட்டாலும் உதறும். கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு சின்னத் துளை, அதில் ஸ்பிளிட் பின் தொங்கும். அதிலிருந்து எண்ணெய் சொட்டுகிறதா என்று பார்த்துச் சொல்.

மலையடிவாரம்

பார்த்துவிட்டேன் ஐயா. ஸ்பிளிட் பின் காய்ந்து கிடக்கிறது. தங்கை உள்ளே உட்கார்ந்து முதல் கியரில் விட்டபோது எஞ்சினின் இடது பக்கம் மேலே எழும்புகிறது. ரப்பருக்கும் அதன் இரும்புத் தகட்டுக்கும் நடுவில் வாய் பிளந்ததுபோல் இடைவெளி. கிளட்ச்சை மறுபடி மிதித்ததும் மூடிக்கொள்கிறது. வலது பக்கம் பரவாயில்லை.

பழைய ஸ்பேனர்

அப்படியானால் சந்தேகமே இல்லை. முன்னாலிருந்து பார்த்தால் கிராங்க் கடிகாரம் சுற்றும் பக்கமாகச் சுற்றுகிறது. அதன் எதிர்விசையில் எஞ்சின் தலை ஓட்டுநர் பக்கம் சாயப் பார்க்கும், இடது மவுண்ட் இழுபடும், வலது மவுண்ட் அமுங்கும். ரப்பர் அமுக்கத்தைத் தாங்கும். இழுப்பைத் தாங்காது. போதாததற்கு உன் எஞ்சினில் எக்ஸாஸ்ட் சூடும் டாப்பெட் கவர் (எஞ்சினின் பக்கவாட்டு மூடி) கசிவும் இரண்டுமே இடது பக்கம்தான். இருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்று.

டர்பன் எஸ்கார்ட் (தென்னாப்பிரிக்கா)

ரப்பர் எதற்கு பிரதர்? பாலியூரித்தேன் போடு. என் ஃபோர்டு எஸ்கார்ட்டில் போட்டிருக்கிறேன், எண்ணெய் பட்டாலும் ஒன்றும் ஆகாது, எஞ்சின் அசையவே அசையாது.

பழைய ஸ்பேனர்

ரேஸ் வண்டிக்குச் சரி. கோவிலுக்கும் மார்க்கெட்டுக்கும் போகிற மைனருக்கு எதற்கு? ஐடிலிங்கில் வரும் அதிர்வு முழுக்க பாடியில் இறங்கும். கண்ணாடி, கதவு, டாஷ்போர்டு எல்லாம் சேர்ந்து பாடும். ரப்பரைக் கெடுப்பது எண்ணெய், அந்தக் கசிவை நிறுத்துவதுதான் வைத்தியம். ஆனால் ரப்பரிலும் நல்லது கெட்டது உண்டு. மலிவான புது மவுண்ட்டில் ரப்பர் தகட்டை விட்டுச் சீக்கிரம் பிரிந்துவிடும். பெட்டியைத் திறந்ததும் ஒட்டின ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார். கிளம்பினால் திருப்பி அனுப்பு.

டர்பன் எஸ்கார்ட்

சரி அங்கிள், வாபஸ். டாஷ்போர்டு பாடுவது உண்மைதான்.

மழையூர் மைனர் (கியூர்பிப்)

தம்பி, என்னிடம் 1959 மாடல் இருக்கிறது, 948 சிசி. முன் மவுண்ட் வேலை சுலபம். கியர் பாக்ஸ் அடியில் இருக்கும் இரண்டு ரப்பரையும் மாற்றுவதாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும். அதைத் தாங்கும் கிராஸ் மெம்பரின் போல்ட்டுகள் அடியில் மழைத் தண்ணீரிலேயே கிடந்து துருப்பிடித்திருக்கும், பலம் கொடுத்தால் தலை முறிந்துவிடும். எங்கள் ஊர் மழையில் கேட்கவே வேண்டாம், கடலோர வண்டிகளும் அப்படித்தான். முதல் நாளே துருநீக்கி எண்ணெய் விட்டு ஊறவிடு. கழற்றும்போது கொஞ்சம் தளர்த்து, கொஞ்சம் இறுக்கு, மறுபடி தளர்த்து. மறை போய்விட்டால் அது தோலியே (தகரம் தட்டுபவர்) வேலை, வெல்டிங் வரை போகும்.

வண்டிக்குள் கார்ப்பெட்டுக்கு அடியில் கியர் பாக்ஸ் மூடி இருக்கிறதல்லவா, அந்த ஸ்க்ரூக்களைக் கழற்றி மூடியை எடுத்தால் மேலிருந்தும் கை போகும்.

எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் ஸ்ட்ராப் எங்கே மாட்டியிருந்தது என்று போட்டோ எடுத்து வை. அதை மாட்டாமல் ஸ்டார்ட்டரைத் தட்டினால் கரண்ட் வேறு வழி தேடும், சோக் கேபிள் வழியாகப் போய் அதைப் பழுக்கவைக்கும்.

மலையடிவாரம்

நன்றி அக்கா. மவுண்ட் நான்கும் வந்துவிட்டன, நகச் சோதனையும் பாஸ். ஐயா, முன்பக்கத்தை எந்த வரிசையில் செய்வது?

பழைய ஸ்பேனர்

முதலில் பேட்டரியின் எர்த் முனையைக் கழற்று. மாற்றியமைக்காத பழைய மைனரில் பாசிட்டிவ்தான் எர்த், பழக்கத்தில் நெகட்டிவ்வைத் தேடாதே. வண்டியைத் தூக்கினால் ஸ்டாண்டில் நிறுத்து. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. சரளையில் ஜாக்கி புதையும், ஸ்டாண்டும் புதையும். எல்லாவற்றுக்கும் அடியில் தடித்த பலகை போடு.

எஞ்சினைத் தூக்க சம்ப்புக்கு (எஞ்சின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டி) அடியில் ஜாக்கி. ஆனால் நேராக வைத்தால் சம்ப் நசுங்கும். சம்ப் அகலத்துக்கு ஒரு கட்டையைக் குறுக்கே வைத்து அதன் மேல் பாரத்தை ஏற்று. நிறையத் தூக்கத் தேவையில்லை, மவுண்ட்டிலிருந்து பாரம் இறங்கி அது வெளியே வருகிற அளவுக்கு எழுந்தால் போதும். ஒவ்வொரு அழுத்துக்கும் நிறுத்திச் சுற்றிப் பார்: ஃபேன் ரேடியேட்டரைத் தொடுகிறதா, ஹோஸ் இழுபடுகிறதா, ஆக்சிலரேட்டர் இணைப்பு முட்டுகிறதா. ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவில் ஒரு அட்டையைச் செருகிவிடு. எக்ஸாஸ்ட் பைப் மேனிஃபோல்டோடு சேரும் கிளாம்பைத் தளர்த்திவிட்டால் பைப் வளையாது.

ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றாதே. முன்பக்கம் திறந்திருக்கும்போது கியர் பாக்ஸ் பக்கம் போகவே போகாதே. நட்டு எல்லாம் இஞ்ச் அளவு, மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டால் முனை மழுங்கிவிடும்.

கை நுழைய இடம் உண்டு, கவலைப்படாதே. மைனரை வடிவமைத்த இசிகோனிஸ் இந்த வண்டிக்கு முதலில் நினைத்தது படுத்த நிலையில் நான்கு சிலிண்டர் எஞ்சின். அது நடக்கவில்லை. 1948இல் வண்டி வெளிவந்தபோது ஒல்லியான நேர் எஞ்சின் வந்து உட்கார்ந்தது, இரண்டு பக்கமும் இடம் மிச்சமாகிவிட்டது. மினி காரின் பானெட்டுக்குள் கையை விட்டவனுக்குத்தான் இந்த அருமை தெரியும்.

மலையடிவாரம்

இடது பக்கம் மாட்டியாகிவிட்டது. வலது பக்கப் புது மவுண்ட் உட்கார மறுக்கிறது. ஓட்டைக்கும் போல்ட்டுக்கும் அரை விரல் வித்தியாசம். கடப்பாரை போட்டு நெம்பலாமா?

மழையூர் மைனர்

கடப்பாரையைக் கீழே வை! இடது பக்கத்தை முழுசாக இறுக்கிவிட்டாயா?

மலையடிவாரம்

ஆமாம் அக்கா.

மழையூர் மைனர்

அதைத் தளர்த்து. நட்டுகள் எல்லாம் கையால் திருகிய அளவில் மட்டும் நிற்கட்டும். அப்புறம் ஜாக்கியைக் கொஞ்சம் ஏற்றி இறக்கினால் எஞ்சின் தானாக நகர்ந்து வரும். ஒரு கூர்மையான ஸ்க்ரூ டிரைவரை ஓட்டையில் விட்டு வழிகாட்டு.

பழைய ஸ்பேனர்

அக்கா சொன்னதுதான். இறுக்குவது கடைசியில். பாரம் முழுவதும் மவுண்ட்டில் இறங்கிய பிறகு, எஞ்சினைக் கையால் இரண்டு பக்கமும் ஆட்டிவிட்டு இறுக்கு. முதலிலேயே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே உட்காரும், சீக்கிரம் கிழியும்.

மலையடிவாரம்

முடிந்தது! கியர் பாக்ஸ் போல்ட்டுகளில் ஒன்று மட்டும் சத்தம் போட்டுப் பயமுறுத்தியது, முறியவில்லை. முதல் கியரில் உதறல் சுத்தமாக இல்லை. கோவில் ரோட்டில் நிறுத்திக் கிளப்பிப் பார்த்தேன், அம்மா இறங்கவில்லை. ரிவர்ஸில் மட்டும் லேசாக நடுக்கம் மிச்சம். அது எதனால்?

பழைய ஸ்பேனர்

ரிலே ஷாஃப்ட்டைக் கையால் பிடித்து ஆட்டிப் பார். மேலும் கீழும் ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது. எஞ்சின் இடம் மாறியதால் கிளட்ச் பெடலின் ஃப்ரீ பிளேயும் (பெடல் சும்மா இறங்கும் தூரம்) மாறியிருக்கும், கம்பியில் இருக்கும் நட்டைத் திருகி மறுபடி சரிசெய். இரண்டும் சரி என்றால் பின் ஸ்பிரிங்கின் யு போல்ட்டைப் பார், அது தளர்ந்திருந்தாலும் ஆக்சில் முறுக்கிக்கொண்டு இப்படி நடுங்கும். கொஞ்ச நாள் ஓட்டிய பிறகு மவுண்ட் நட்டுகளை ஒரு சுற்றுப் பார்த்துவிடு.

மலையடிவாரம்

ரிலே ஷாஃப்ட்தான் ஐயா, நன்றாகவே ஆடுகிறது. புஷ்ஷுக்குச் சொல்லியாகிவிட்டது. அதோடு டாப்பெட் கவர் கேஸ்கெட்டும் மாற்றப் போகிறேன். கார்க்கா, ரப்பரா?

பழைய ஸ்பேனர்

கார்க் போதும். மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டுச் செய், கை நன்றாகப் போகும். ஒரு கவருக்கு ஒரே ஒரு போல்ட்தான். கசிகிறதே என்று அதை முறுக்கி முறுக்கித்தான் தகடு வளைந்திருக்கும். கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் பார்த்து, தட்டி நேராக்கிவிட்டு மாட்டு.