அம்மாவின் துப்புரவு வேலைக்கும் உலக வணிக விதிக்கும் என்ன தொடர்பு?

கேள்வி – சுங்கை சிப்புட் வாசி:
அம்மா தோட்டத்தில் பால்மரம் சீவியவர். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டதும் அரசு மருத்துவமனையில் கூட்டித் துடைக்கும் வேலைக்குப் போனார். சம்பளம் தருவது குத்தகை நிறுவனம். குத்தகை கைமாறும்போதெல்லாம் அம்மா 'புதிய ஆள்'. பன்னிரண்டு ஆண்டு உழைப்பு கணக்கில் இல்லை. "எல்லாம் உலக வணிக அமைப்பின் சேவை வணிக ஒப்பந்தமான காட்ஸால்தான்" என்கிறார் மாமா. உண்மையா?

பதில் – ஓய்வுபெற்ற ஆசிரியர்:
மாமா பாதிதான் சரி, தம்பி. தனியார்மயக் கொள்கை இங்கே மலேசியாவில் 1983-லேயே வந்துவிட்டது. துப்புரவு, சலவை உட்பட ஐந்து மருத்துவமனைச் சேவைகளைக் குத்தகைக்கு விட்டது நம் அரசின் சொந்த முடிவு. உலக வணிக அமைப்பு இருக்கும் ஜெனீவாவிலிருந்து யாரும் கட்டளையிடவில்லை. காட்ஸ் 1995-இல் நடைமுறைக்கு வந்தது. அரசு அதிகாரத்தின்கீழ் வழங்கும் சேவைக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் வணிக நோக்கிலோ போட்டியிலோ நடந்தால் அந்த விலக்கு கிடையாது. பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் அரசு, தனியார் என இரு தரப்பிலும் நடக்கும் நாட்டில் இந்தக் கோடு எங்கே விழும்? எதிர்ப்பாளர்களின் கவலை அதுதான். திறந்துவிடுவதாக வாக்களித்த துறையைத் திரும்ப மூட வேண்டுமானால், பாதிக்கப்படும் நாடுகளுக்கு ஈடு கொடுக்கப் பேச வேண்டும் என்கிறது காட்ஸின் 21-ஆம் விதி. கதவு உள்பக்கமாக மட்டும் திறக்கிறது!

பதில் – ஈப்போ அக்கா:
கழிவுநீர்ச் சேவையை மறந்துவிட்டீர்களே, ஐயா. தொண்ணூறுகளில் தனியாரிடம் போன கழிவுநீர் நிறுவனமான இண்டா வாட்டரை 2000-இல் நிதியமைச்சின் நிறுவனம் வாங்கிக்கொண்டது. மீட்க முடிகிறது.

சுங்கை சிப்புட் வாசி:
நன்றி. அம்மாவின் பழைய சம்பளச் சீட்டுகள் மைலோ டின்னில் இருக்கின்றன. நாளை தொழிலாளர் அலுவலகத்துக்கு எடுத்துப் போகிறேன்.